சம்பந்தி கொடுத்த வண்டி

ஸ்ரீராம்புரம், பெங்களூரு
ஜூலை 6, ஞாயிறு

அன்புள்ள மருமகள் மமதாவுக்கு,

மாமா இராஜமாணிக்கம் எழுதுகிறேன். நானும் உன் அத்தை அம்புஜமும் சுகம். நீயும் சம்பந்தியம்மாவும் சுகமாக இருக்க வேண்டும். என் பிள்ளை ரவிக்குமாரும் இருக்கிறான். அவன் சுகமா இல்லையா என்று எழுதினால் உனக்குக் கோபம் வரும். அதனால் இருக்கிறான் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுகிறான் என்று நீ சிரிக்கலாம். வேறு வழி? உன் நம்பருக்குப் போட்டால் ஒரு பெண் கன்னடத்தில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள். எங்கள் மூன்று பேர் நம்பரையும் நீ அடைத்துவிட்டாய் என்று தெருக்கோடி மெக்கானிக் பழனிச்சாமி விளக்கிச் சொன்னான். சம்பந்தியம்மாவுக்குப் போட்டால், "அவ பேசமாட்டேங்கறா அண்ணா" என்று சொல்லி அழ ஆரம்பித்துவிடுகிறார். அந்த அழுகையைக் கேட்கச் சக்தியில்லாமல் அதையும் விட்டுவிட்டேன். கடிதத்தை மட்டும் யாராலும் அடைக்க முடியாதாம், தபால்காரர் சொன்னார். வேண்டுமானால் கிழித்துப் போடு. கிழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை படித்துவிடு.

உன்னைத் திரும்பி வா என்று கூப்பிட இதை எழுதவில்லை. அப்படி எழுதச் சொல்லி உன் அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறாள். நான் எழுதமாட்டேன். என்ன நடந்தது என்று நானும் பார்த்தேன் அல்லவா. உன் அப்பாவுக்கு வருஷத் திதி கொடுத்துவிட்டு நீயும் நானும் அத்தையும் ஒன்றாகத்தானே ஆனேக்கல் உன் அம்மா வீட்டிலிருந்து வந்து இறங்கினோம். ரவி ஷிப்ட் இருக்கிறது என்று முதல் நாளே திரும்பியிருந்தான். வாசலில் உன் அப்பா கொடுத்த பழைய மோட்டார் சைக்கிள் நின்ற இடத்தில் அவனுடைய புது ஸ்கூட்டர் நின்றது. தார்பாயை மடித்துச் சுவரில் மாட்டியிருந்தான். "எடத்த அடைச்சிக்கிட்டு கெடந்துச்சு, பழைய இரும்பு எடுக்கற குஜ்ரிக்காரன் கேட்டான், குடுத்துட்டேன்" என்று பழைய பேப்பர் போட்டவன் மாதிரி சொன்னான்.

நீ சத்தம் போடுவாய் என்று நினைத்தேன். போடவில்லை. "என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல?" என்றாய். அப்போதாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் அந்தப் புண்ணியவான். "ஓடாத வண்டிக்கு என்னத்த கேக்கறது" என்றான். கையில் பிடித்திருந்த பையைக்கூடக் கீழே வைக்காமல் அப்படியே திரும்பி பஸ் ஏறினாய். உன் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

அது ஓடாமல் போனது யாரால் என்றும் எனக்குத் தெரியும். கல்யாணம் ஆன புதிதில் நீ அதில்தான் வேலைக்குப் போவாய். ஒருநாள் நின்றுவிட்டது. இந்த ஞாயிறு பார்க்கிறேன், அடுத்த ஞாயிறு பார்க்கிறேன் என்றான். தார்பாயைப் போட்டு மூடினான். உன் அப்பா பச்சைமுத்து உயிரோடு இருந்தவரை ஒவ்வொரு தடவை வரும்போதும் தார்பாயைத் தூக்கிப் பார்ப்பார், காப்பி குடித்துவிட்டுப் போவார். மனிதர் வாயைத் திறந்து கேட்கவே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வண்டி கிடைத்துவிட்டது.

சிவாஜிநகர் குஜ்ரியில் பழைய இரும்புக் கடைகளாக ஏறி இறங்கினேன். பழைய பிரிட்ஜுகளுக்குப் பின்னால் முன்சக்கரம் இல்லாமல் மண்டியிட்டுக் கிடந்தது. முன் மட்கார்டில் உன் அப்பா எழுதி வைத்த 'மமதா பூக்கடை' என்ற பெயரைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். நல்ல வேளை, இன்னும் உடைக்கவில்லை. எப்படி மீட்டேன் என்று கேட்காதே. பீன்யா கம்பெனி கேன்டீனில் சமையல் மாஸ்டராக இருந்து காலமெல்லாம் காய்கறிக்காரனிடம் பேரம் பேசிய வாய் இது. சக்கரத்தையும் தேடி எடுத்துக்கொண்டு கூட்ஸ் ஆட்டோவில் ஏற்றி வந்துவிட்டேன்.

மழைக்காலம். வெளியே விட மனமில்லை. படியில் பலகை போட்டு ஹாலுக்குள் ஏற்றிவிட்டேன். நம் வீட்டு ஹால் எவ்வளவு என்று உனக்குத் தெரியும். இப்போது டி.வி.யை ஹேண்டில் பாருக்கு மேலேதான் பார்க்க வேண்டும். "மருமக வந்து நிக்கவேண்டிய எடத்துல இரும்பு வந்து நிக்குது" என்று புலம்பிக்கொண்டே உன் அத்தை அதிலேயே ஈரத் துண்டைக் காயப் போடுகிறாள்.

எனக்கு மோட்டார் வண்டியைப் பற்றி என்ன தெரியும்? சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியவன் இல்லை. முதல் நாளே மானம் போயிற்று. கிக்கரைத் தேடு தேடு என்று தேடினேன், காணோம். குஜ்ரிக்காரன்தான் கழற்றிக்கொண்டான் என்று நேராக அவன் கடைக்கே போய்ச் சண்டை போட்டேன். அந்த ஆள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அரே சாச்சா, இந்த வண்டிக்கு கியர் போடற லீவரே கிக்கரு" என்று அங்கே கிடந்த இன்னொன்றில் அதை உள்ளே அழுத்தி மேலே தூக்கிக் காட்டினார். தலையைக் குனிந்துகொண்டு திரும்பினேன்.

தெரியாத வேலையைத் தெரிந்த வழியில்தான் செய்கிறேன். டேங்க் உள்ளே ஒரே துரு. புளியைக் கெட்டியாகக் கரைத்துக் கொதிக்கவைத்து உள்ளே ஊற்றி, ஒரு கைப்பிடி இரும்பு நட்டுகளையும் போட்டுக் குலுக்கினேன். கேன்டீனில் பெரிய பித்தளை அண்டாவைத் துலக்கியவனுக்கு இது என்ன பிரமாதம். கொட்டினால் ரசம் மாதிரி வந்தது. மறுபடி மறுபடி செய்ததில் இப்போது உள்ளே டார்ச் அடித்தால் இரும்பு தெரிகிறது. விளிம்புகளை எலுமிச்சம்பழமும் விபூதியும் வைத்துத் தேய்க்கிறேன். பழனிச்சாமி பார்த்துவிட்டு, "மாஸ்டர், வண்டிய தேய்க்கறீங்களா, தாளிக்கறீங்களா?" என்றான்.

சீட்டைக் கழற்றியபோது அடியில் பூ கட்டுகிற வாழைநார் ஒரு சுருள் கிடைத்தது. உன் அப்பா ஓசூர் மார்க்கெட்டிலிருந்து விடியற்காலையில் பூ மூட்டை ஏற்றி வருவாரே, அப்போது செருகியதாக இருக்கும். எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வண்டி உன்னுடையது. கல்யாணத்தின்போதே உன் பேருக்கு மாற்றிக் கொடுத்தார். உன் பொருளில் கை வைக்கிறேன், பிடிக்கவில்லை என்றால் சொல், நிறுத்திவிடுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
இராஜமாணிக்கம்


ஸ்ரீராம்புரம், பெங்களூரு
ஆகஸ்ட் 17, ஞாயிறு

அன்புள்ள மமதாவுக்கு,

மாமா எழுதுவது. முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. திரும்பியும் வரவில்லை. அதனால் உன் கைக்கு வந்து சேர்ந்தது என்று எடுத்துக்கொள்கிறேன். நிறுத்து என்று நீ சொல்லாததைச் சம்மதம் என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன். அத்திபெலே பக்கம் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாயாம், சம்பந்தியம்மா சொன்னார். சந்தோஷம். அத்தைக்குத்தான் அதைக் கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை. வேலையில் சேர்ந்துவிட்டால் அங்கேயே இருந்துவிடுவாய் என்று அவளுக்குப் பயம். பிரஷர் மாத்திரையை மறக்கிறாள். நான் திட்டினால் என்னைத் திட்டுகிறாள்.

இப்போது ஒரு உதவி கேட்டுத்தான் எழுதுகிறேன். கேட்க வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன்.

வண்டி ஏறக்குறைய முடிந்திருந்தது. இன்ஜினை பழனிச்சாமி வந்து பிரித்துச் சுத்தம் செய்து மாட்டினான். சைலன்சருக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது, குத்தி எடுத்தோம். டயர், பேட்டரி, ஒயர் எல்லாம் புதிது. சீட்டுக்கு உன் அத்தையே மெஷினில் ரெக்ஸின் தைத்தாள். ஊசி மேல் ஊசியாக உடைத்துவிட்டு, உன்னைத் தவிர எல்லோரையும் வைதாள். பெட்ரோல் ஊற்ற வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து பழனிச்சாமி ஒரு சாவுக்காகக் கிருஷ்ணகிரி போய்விட்டான். நான் வரும்வரை தொடாதீங்க மாஸ்டர் என்று சொல்லிவிட்டுத்தான் போனான். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை.

வாங்கிவந்த பெட்ரோலை ஊற்றி வாசலில் இறக்கி வைத்து உதைத்தேன். சும்மா சொல்லக்கூடாது, கொஞ்ச நேரம் அழவைத்துவிட்டுப் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் உனக்குத் தெரியுமே. தெருவே கூடிவிட்டது. அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லோரும் பார்க்கிறார்கள் என்று ஆக்சிலேட்டரை முறுக்கினேன், முறுக்கினேன், முறுக்கிக்கொண்டே இருந்தேன். கிரீச் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். பிறகு உதைத்தால் லீவர் கல் மாதிரி நிற்கிறது, அசையவில்லை.

திரும்பி வந்த பழனிச்சாமி டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தான். "ஆயில் எங்க மாஸ்டர்?" என்றான். எந்த ஆயில் என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டான். இந்த வண்டிக்கு பெட்ரோலோடு ஆயிலையும் கலந்துதான் ஊற்ற வேண்டுமாம். வெறும் பெட்ரோலில் ஓட்டினால் பிஸ்டன் சூடேறி இறுகிக்கொள்ளுமாம். இத்தனை பேருக்குச் சமைத்தவன், எண்ணெயில்லாமல் வாணலியை அடுப்பில் ஏற்றிவிட்டேன்.

இதில் ஒன்று உனக்குச் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் ரவி அந்த வண்டிப் பக்கம் திரும்பியதில்லை. ஷிப்ட் முடிந்து வருவான், ஹாலில் அதைச் சுற்றிக்கொண்டு அறைக்குப் போய்விடுவான். நானும் வா என்று கூப்பிடவில்லை. வண்டி இறுகியதற்கு மறுநாள் நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். ஸ்பேனர் சத்தம் கேட்டது. திரும்பினால் அவன் தரையில் உட்கார்ந்து இன்ஜின் மேல்மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தான். இறுகிய சிலிண்டரைத் தன் பையில் போட்டுக்கொண்டு போய்ப் பீன்யாவில் தெரிந்த பட்டறையில் உள்பக்கம் கடைந்து போர் போட்டுப் புது பிஸ்டனோடு கொண்டுவந்தான். இதை அவனுக்காகப் பரிந்து எழுதுகிறேன் என்று நினைக்காதே. கண்ணால் கண்டதை எழுதுகிறேன்.

உதவி என்னவென்றால், எவ்வளவு ஆயில் கலப்பது என்று தெரியவில்லை. பழனிச்சாமி ஒரு கணக்குச் சொல்கிறான், குஜ்ரிக்காரர் ஒரு கணக்குச் சொல்கிறார். "ஒவ்வொரு வண்டியும் ஒவ்வொரு மாதிரி பழகியிருக்கும், ஓட்டினவங்களத்தான் கேக்கணும்" என்கிறார்கள் இரண்டு பேரும். உன் அப்பாவைக் கேட்க முடியாது. சின்ன வயதில் அவர் கலக்கும்போது நீதான் புனலைப் பிடித்துக்கொள்வாய் என்று ஒருநாள் என்னிடம் சொல்லியிருக்கிறார். உன்னைத் தவிர யாரிடம் கேட்பேன்? இந்தத் தடவையும் தப்பாகப் போனால் இந்த இன்ஜினுக்கு இன்னொரு உயிர் கிடையாது என்று பழனிச்சாமி கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். அளவை மட்டும் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம். நீ எழுதும்வரை அதில் ஒரு சொட்டு ஊற்றமாட்டேன்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். அத்திபெலே ரோட்டில் லாரிகள் கண்மண் தெரியாமல் வரும், பார்த்துப் போ.

இப்படிக்கு,
உன் மாமா
இராஜமாணிக்கம்


ஸ்ரீராம்புரம், பெங்களூரு
செப்டம்பர் 21, ஞாயிறு

அன்பு மகள் மமதாவுக்கு,

உன் தபால் கார்டு வந்தது. நலமா என்று கேட்கவில்லை, நலம் என்று எழுதவில்லை. லிட்டருக்கு நாற்பது மில்லி, புது பிஸ்டன் பழகும்வரை ஐம்பது, டேங்கில் நேராக ஊற்றாமல் வெளியே கேனில் கலக்கிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். அளவை மட்டும் எழுது என்று சொன்னேன், அப்படியே எழுதியிருக்கிறாய். கீழே ஓரத்தில், 'மாமா, சைலன்சர் ரொம்பச் சுடும், கால் படாமப் பாத்துக்கோங்க' என்று ஒரு வரி. அத்தை அந்த வரியை எனக்குப் படித்துக் காட்டினாள், பிறகு பக்கத்து வீட்டுக்காரிக்குப் படித்துக் காட்டினாள், பிறகு சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். எனக்கும் மனசு நிறைந்துபோயிற்று, ஏன் மறைக்க வேண்டும்.

நீ சொன்னபடியே கலந்து ஊற்றினோம். இரண்டாவது உதையில் பிடித்தது. இந்தத் தடவை நான் முறுக்கவில்லை, கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றேன். பழனிச்சாமி தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். சத்தம் சுத்தமாக இருக்கிறதாம், குறையே இல்லையாம். ஆனால் கொஞ்ச நாளைக்கு வேகம் போகக்கூடாது, மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும் என்றான். டேங்குக்குப் பழைய சிவப்பையே அடித்தோம். மட்கார்டில் உன் பெயர் எழுதிய இடத்தை மட்டும் தொடவில்லை. கொஞ்சம் மங்கித்தான் இருக்கிறது, இருக்கட்டும்.

அன்றைக்கு மத்தியானம் ரவியும் நானும் மட்டும் வீட்டில் இருந்தோம். ஸ்போக்கைத் துடைத்துக்கொண்டிருந்தவன் தானாகவே பேசினான். "எடத்துக்காக விக்கலப்பா. அந்த வண்டியப் பாக்கறப்பல்லாம் பச்சைமுத்து மாமா நின்னுக்கிட்டு, என்னப்பா இந்த ஞாயிறும் போச்சான்னு கேக்கற மாதிரியே இருக்கும். கண்ணுல படாம இருந்தா போதும்னு அனுப்பிட்டேன்" என்றான். கேட்க எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் விடவில்லை. வெட்கம் வந்தால் வண்டியைச் சரி பண்ணுவார்கள்டா, விற்கமாட்டார்கள் என்று சொன்னேன். ஆமாம் என்று தலையை ஆட்டினான். எதிர்த்துப் பேசாமல் அவன் தலையாட்டி நான் பார்த்ததே இல்லை.

அத்தை வீடு திரும்பிய பிறகுதான் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. மறுநாள் லீவு போட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு ஆனேக்கல் வரப்போவதாகச் சொன்னான். முன்கூட்டிச் சொல்லாமல் உன் வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, உன்னைப் பின்னால் உட்காரவைத்து அழைத்து வருவானாம். அத்தைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கதம்பத்துக்கும் மல்லிகைக்கும் சொல்லிவிட அப்போதே கிளம்பிவிட்டாள். நான் குறுக்கே நின்றேன். மமதாவைக் கேட்டாயா என்று மட்டும்தான் கேட்டேன். என்ன கேட்க வேண்டும், அவளுக்காகத்தானே என்றான். அன்றைக்குக் கேட்காமல் விற்றாய், இன்றைக்குக் கேட்காமல் ஓட்டுகிறேன் என்கிறாய், என்னடா வித்தியாசம் என்றேன்.

முகம் செத்துப்போயிற்று. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். அத்தை என்னைப் பிடிபிடி என்று பிடித்துக்கொண்டாள். "கூடிவர்ற காரியத்த கெடுக்கறதே உங்களுக்கு வேல" என்றாள். இன்னும் என்னென்னவோ சொன்னாள். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். நானே குடும்பத்தைக் கெடுத்துவிட்டேனோ என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்தவன் கையில் ஒரு இரும்புச் சங்கிலியும் பூட்டும் இருந்தது. முன்சக்கரத்துக்குள் விட்டு பாடியோடு சேர்த்துப் பூட்டினான். சாவி இரண்டையும் வளையத்தோடு என்னிடம் நீட்டி, "இத அவளுக்கு அனுப்பிடுப்பா" என்றான். நான் அவனை ஆழம் பார்த்தேன். அவசரத்துக்கு ஒன்றை நீ வைத்துக்கொள்ளேன்டா என்றேன். "வேணாம்பா. கையில இருந்தா எனக்கு எடுக்கத் தோணும்" என்றான். பெற்றவனுக்கு அந்த ஒரு பேச்சு போதும். அதை உன்னிடம் சொல்ல வேண்டாம், சிபாரிசு மாதிரி ஆகிவிடும் என்றும் சொன்னான். நான் கேட்கவில்லை, எழுதிவிட்டேன். இதைப் படித்து உன் மனம் இளக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இளகவில்லை என்றாலும் நீ எனக்கு மகள்தான்.

சாவி இரண்டையும் துணியில் சுற்றி இந்த உறையிலேயே வைத்து ரெஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன். வேறு சாவி இந்த வீட்டில் கிடையாது. எங்கள் ஹாலில் நிற்கிற வண்டியை உன்னைத் தவிர இனி யாராலும் நகர்த்த முடியாது. பெருக்குவதற்குக்கூட அத்தை அதைச் சுற்றிச் சுற்றித்தான் பெருக்குகிறாள்.

ஆயுத பூஜை வருகிறது. வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் நசுக்க அத்தைக்குக் கை துறுதுறுக்கிறது. நான் விடவில்லை. பொட்டு வைக்க வேண்டியது வண்டிக்காரி. அதற்குள் வந்தால் நல்லது. உன் அம்மாவையும் அழைத்துக்கொண்டு வா, பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம். வேலைக்கு லீவு கிடைக்காவிட்டால் அப்புறம் வா. அதுவரை நிற்கட்டும். எங்களுக்கு டி.வி. பார்க்காவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

நீ வரும் அன்று ரவி வீட்டில் இருக்க வேண்டும் என்றால் இருப்பான். வேண்டாம் என்றால் நானே ஷிப்டுக்கு அனுப்பிவிடுகிறேன். சாப்பிட்டுவிட்டுப் போ என்று நான் வற்புறுத்தமாட்டேன். அத்தை வற்புறுத்துவாள், அது அவள் பாடு உன் பாடு. பூட்டைத் திற, பலகையில் இறக்க நான் பின்னால் பிடித்துக்கொள்கிறேன், எடுத்துக்கொண்டு போ. வாசலில் நின்று வழிமறிக்க மாட்டோம்.

டேங்க் நிறையக் கலந்து ஊற்றி வைத்திருக்கிறேன். ஆனேக்கல் போகப் போதும். திரும்பி வரவும் போதும். எங்கே போனாலும் மெதுவாகப் போ தாயி, நன்றாக இரு.

உன் மாமா,
இராஜமாணிக்கம்